தஞ்சாவூர்ப் பீரங்கியில் இன்றைய வெடிமருந்தைப் போட்டுச் சுட்டால் குண்டு கூடுதல் தூரம் போகுமா?

போகாது; குழல்தான் பிளக்கும். எவ்வளவு மருந்து என்பதைவிட, அது எந்த வேகத்தில் எரிகிறது என்பதே இங்கே முக்கியம்.

கீழவாசல் பீரங்கிமேட்டில் இருப்பது வார்ப்புப் பீரங்கி அல்ல. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் வட்டமாக அடுக்கி, மேலே காய்ச்சிய இரும்பு வளையங்களை ஏற்றி அடித்து இணைத்திருக்கிறார்கள். கிட்டப் போனால் வளையத்துக்கு வளையம் பொருத்து தெரியும். குழல் விரியாமல் பிடிப்பது அந்த வளையங்கள்தான். உள்விட்டம் சுமார் 63 செ.மீ., வெளிவிட்டம் சுமார் 93 செ.மீ. பொருத்தே இல்லாத ஒற்றைக் குழலாக வைத்துக் கணக்கிட்டாலும், உள்சுவரை இழுக்கும் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் உலோகம் தாங்கும் விசை) வாயு அழுத்தத்தைப் போல் 2.7 மடங்கு. இன்றைய 155 மி.மீ. பீரங்கிகளில் அழுத்தம் 300 மெகாபாஸ்கலைத் தாண்டும். அதே அழுத்தம் இங்கே வந்தால் தகைவு 800 மெகாபாஸ்கலுக்கு மேல். அடித்துச் செய்த பழைய இரும்பு 200ஐ ஒட்டியே நெகிழத் தொடங்கிவிடும்.

அந்தக் காலத்துக் கருமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். சுடும்போது வரும் புகையும் குழலில் படியும் கசடும் அதுதான். அழுத்தம் ஏறினாலும் அதன் எரிவேகம் பெரிதாக ஏறாது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே உருவாக்கிய புகையில்லா மருந்து, அதாவது இன்றைய வகை, ஏறக்குறைய முழுவதும் வாயுவாகும். எரிவேகமோ அழுத்தத்தோடு கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் ஏறும். அழுத்தம் கூடினால் எரிவது கூடும், எரிவது கூடினால் அழுத்தம் கூடும். இதைத் தணிக்க ஒரே வழி, குண்டு நகர்ந்து இடம் விடுவது. 60 செ.மீ. கருங்கல் குண்டு 300 கிலோ; அது அசைவதற்குள் உச்ச அழுத்தம் வந்துவிடும்.

இன்றைய பீரங்கிகளில் இதை அடக்குவது மருந்துமணியின், அதாவது மருந்தின் ஒவ்வொரு சிறு துண்டின், வடிவம். அரிசி ஆலைக்குப் பின்னாலுள்ள உமிக்குவியல் வெளியிலிருந்து உள்ளே கனல்வதுபோல, ஒவ்வொரு மணியும் மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரியும். உருண்டை மணி எரிய எரியப் பரப்பு சுருங்கும். ஏழு துளையிட்ட மணியிலோ, வெளிப்புறம் சுருங்கும்போது துளைகள் அகலும். மொத்தப் பரப்பு கூடும். குண்டு ஓடி இடம் பெருகும் நேரத்தில் வாயுவும் பெருகும். மிக அழகான ஏற்பாடு இது. ஆனால் மணிகள் விரிசல்விட்டிருந்தால் தொடக்கத்திலேயே பரப்பு எகிறி, அழுத்தமும் எகிறும்.

"கொஞ்சமாகப் போட்டால்?" என்று கேட்கலாம். அவ்வளவு அகன்ற அறையில் கொஞ்ச மருந்து சிதறிக் கிடந்தால் அழுத்தம் ஏறாமல் அரைகுறையாக எரியும். ஒருபக்கமாகப் பற்றினால் அழுத்த அலை எழுந்து குழலின் அடியில் மோதும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.