யானையோட குடலை மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மாட்டோட குடல் மாதிரியே இருக்குமா?

இருக்காதுங்க. ரெண்டும் புல்லு, இலை திங்குற மிருகம்தானேன்னு கேக்குறீங்க, ஆனா மாடு தின்னதை வயித்துலயே கிருமிங்களை வச்சு நொதிக்க வைக்குது, யானைக்கு அந்த வேலை கடைசியில பெருங்குடல்லயும் அதோட ஆரம்பத்துல பை மாதிரி இருக்குற சீக்கத்துலயும்தான் நடக்குது, குதிரைக்கு மாதிரியே.

மேல இருந்து வருவோம். உணவுக்குழாயோட உள்பக்கம் தட்டையான செல்லுங்க அடுக்கடுக்கா இருக்கும், மரப்பட்டை, முள்ளுன்னு எது உரசினாலும் மேல் அடுக்கு உதிர்ந்து கீழ இருந்து புதுசு வந்துடும். வயிறு ஒரே அறைதான், மாட்டுக்கு இருக்குற நாலு அறையெல்லாம் கிடையாது, உள்ள அமிலமும் சளியும் சுரக்குற சுரப்பிங்க இருக்கும். சிறுகுடல்ல விரல் மாதிரி நீட்டிட்டு நிக்குற குடலுறிஞ்சிங்க (villi) இருக்கும், அது நமக்கும் இருக்கு, சத்தை உறிஞ்ச.

ஆனா உண்மையான சுவாரசியம் பெருங்குடல்தான், அங்க குடலுறிஞ்சி கிடையாது, வெறும் குழி குழியா ஆழமான சுரப்பிங்க, அதுல சளி சுரக்குற கோப்லெட் செல் ஏகப்பட்டது, ஏன்னா உள்ள நகர்றது முழுக்க நார். அந்த நாரை உடைக்குறது பாக்டீரியாவும் உடம்புல நுண்ணிய மயிரிழை உள்ள ஒருசெல் உயிரிகளும், அவங்க வெளிய விடுற கொழுப்பு அமிலத்தை பெருங்குடல் சுவரோட செல்லுங்க உறிஞ்சிக்கும். அப்படியிருந்தும் தின்னதுல பாதிக்கு மேல செரிக்காமலே வெளிய போயிடும், சாணத்துல நாரு அப்படியே தெரியும் பாருங்க.

குட்டி பொறக்கும்போது இந்தக் கிருமிங்க இருக்காது, அதான் அம்மாவோட சாணத்தைத் தின்னும், அருவருப்பா தோணலாம் ஆனா அதுக்கு அது அவசியம். பித்தப்பையும் யானைக்குக் கிடையாது, பித்தம் கல்லீரல்ல இருந்து நேரா குழாய் வழியா குடலுக்கு வந்துடும்.