பிக்கப்பில் பவர் கூட்டினால் கியர் பாக்ஸ் தாங்குமா?

கேள்வி: பேச்சிப்பாறை பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ரப்பர் தடி ஏற்றுகிறேன். வண்டி 2.5 லிட்டர் டீசல் பிக்கப், 5 கியர், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் இழுவை போதவில்லை. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்தால் டார்க் (முறுக்கு விசை) 30 சதவீதம் கூடும் என்கிறார்கள். கியர் பாக்ஸ் தாங்குமா? ஹெவி டியூட்டி கிளட்ச் போட்டால் போதுமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு 30 சதவீதம் வேண்டாம். கியர் பாக்ஸை உடைப்பது எச்.பி. (குதிரைத் திறன்) அல்ல, டார்க், அதிலும் குறைந்த ஆர்.பி.எம்.மில் வரும் டார்க். 200 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினை 260-க்கு ஏற்றினால், ஏறத்தாழ 4 மடங்கு விகிதமுள்ள முதல் கியரில், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குக் கிடைக்கும் முறுக்கு 800-லிருந்து 1,040 ஆகிறது. பல்லும் பேரிங்கும் பழைய அளவுதான்.

கிளட்சை ஃபியூஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டார்க் மிஞ்சினால் முதலில் அது வழுக்கும். பிளேட் கருகும், செலவு அதோடு நிற்கும். ஹெவி டியூட்டி கிளட்ச் போட்டால் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றியது போலத்தான். அடுத்த அடி லே ஷாஃப்ட் (கியர் பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) பேரிங், 5-வது கியர் பல், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (வளைந்து சுற்ற உதவும் சிலுவை இணைப்பு), பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் என்று பின்னால் நகரும். எஸ்டேட் பாதையில் இது இன்னும் மோசம். மழைக்குப் பிறகு செம்மண் சரிவில் லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது பின் சக்கரம் சுற்றும்; வேரோ கல்லோ தட்டியதும் சட்டென்று பிடிக்கும். அந்த ஒரு நொடி அதிர்ச்சிதான் கிராஸையும் பினியனையும் உடைக்கிறது. வெறும் இழுவையில் அவை அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இழுவை உண்மையிலேயே குறைவா, குறைந்துபோயிருக்கிறதா? ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களைப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் அங்கே டர்போ காற்று கசிகிறது. ரப்பர் குழாயின் அடிப்பக்கத்து வெடிப்பு ஐட்லிங்கில் தெரியாது. குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கரி அடைத்த இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) ஆகியவை அடுத்து. பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். ஏதாவது ஒன்று இறுகினால் பிரேக் ஒட்டுகிறது, இழுவையைத் தின்பது அதுதான். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தாலும் ஏற்றத்தில் திணறும்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் போதாவிட்டால், அனுமதிக்கப்பட்ட லோடை மீறுகிறீர்களா என்று எடை மேடையில் பாருங்கள். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. வாரன்டி போகும், இன்சூரன்ஸ் க்ளைமிலும் சிக்கல் வரலாம்.

கியர் பாக்ஸை உண்மையில் காப்பாற்றுவது ஓட்டும் முறை. பின்சக்கர இழுவையுள்ள பெரும்பாலான 5 கியர் பெட்டிகளில் 4-வது நேர் கியர்: லே ஷாஃப்ட் பற்கள் வழியே போகாமல் இன்புட் ஷாஃப்டிலிருந்து மெயின் ஷாஃப்டுக்கு நேரே போகும். எனவே லோடோடு நீண்ட ஏற்றம் ஏறும்போது 5-வதில் 1,300 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை மிதித்து முக்க வைக்காதீர்கள்; 4-க்கு இறங்கி 2,000-க்கு மேல் வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் ஓட்டுநர்கள் டீசலை மிச்சம் பிடிக்கிறோம் என்று இதைச் செய்வதில்லை.

கியர் ஆயிலில் கிரேடைவிட வகை முக்கியம். வண்டியின் கையேடு ஜி.எல்-4 வகை கேட்டால் ஜி.எல்-5 ஊற்றக் கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங்கைத் தின்னக்கூடும். ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரல்களுக்கிடையே உருட்டினால் குத்துகிற சில்லு இருந்தால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும்.

கேள்வி: குளச்சலில் மீன் லோடு ஓடிய, ரீமேப் செய்த பிக்கப் விலைக்கு வருகிறது. கியர் பாக்ஸை எப்படிச் சோதிப்பது? (தக்கலை வாசகர்)

பதில்: காலியாக ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அனுமதிக்கப்பட்ட லோடை ஏற்றச் சொல்லுங்கள். போக்குவரத்து இல்லாத ஏற்றத்தில் 4-வது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதே கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, விட்டு, மிதிக்கும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் வாங்காதீர்கள். ஓடும்போது வரும் முனகல் 4-வதில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் பேரிங். மிதித்தால்தான் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங்.

மீன் வண்டியில் இன்னொன்று: ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்துவது), புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங், கிராஸ் கப்புகள் எல்லாம் துருப்பிடித்திருக்கும். கிராஸைச் சுற்றிச் செந்தூள் கொட்டியிருந்தால் கிரீஸ் எப்போதோ காய்ந்துவிட்டது.

கேள்வி: ரயில் பிரஷர் சென்சாரில் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பொதுக் குழாயில் டீசல் அழுத்தத்தை அளப்பது) மாட்டும் சிப் பெட்டியை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாமே, அது பரவாயில்லையா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டி டீசல் அழுத்தம் குறைவு என்று இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குப் பொய் சொல்லி அழுத்தத்தைக் கூட்ட வைக்கிறது. டார்க் எவ்வளவு போகிறது என்ற இ.சி.யு.வின் கணக்கே தப்பாவதால், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் காக்க அது வைத்திருக்கும் வரம்பு வேலை செய்யாது. நல்ல ரீமேப்பில் 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டார்க்கைத் தொடாமல் விடலாம். மலிவுப் பெட்டிகளில் அப்படிப் பிரித்து வைக்க வழியில்லை.