ஏழைக் குழந்தைகளை வைத்து ஆய்வு செய்வது சரியா? எடை அளக்கப் போனவளின் பதில்

கேள்வி இது: "ஏழை நாடுகளில் சுகாதாரத் திட்டங்களையும் வளர்ச்சித் திட்டங்களையும் பொருளாதார நிபுணர்கள் குலுக்கல் போட்டு, பாதி ஊருக்குக் கொடுத்து, பாதி ஊருக்குக் கொடுக்காமல் மதிப்பிடுகிறார்களே, இதனால் யாருக்காவது பயன் உண்டா? மக்களைச் சோதனை எலி ஆக்குவதுதானே இது?"

சோதனை எலி என்ற வார்த்தையைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை. நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை, பி.எஸ்ஸி. கணிதம். படிப்பு முடிந்து நான்கு வருடம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது, குழந்தைகளின் எடை, உயரம் அளப்பது. எந்த ஆய்வு, எந்த ஏஜென்சி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கல்லூரியில் செமினாருக்குத் தயார் செய்கிறவர் மாதிரி தெரிகிறது. அப்படியானால் புத்தகத்தில் வராத பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் ராஜஸ்தான் கதை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது முதல் நாளே சொன்னது. உதய்ப்பூர் மாவட்டத்து கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுதாகப் போடுவது மிகக் குறைவு. அரசு ஊசி இலவசம்தான். ஆனால் நர்ஸ் என்றைக்கு இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அங்கே சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களை எடுத்தார்கள். குலுக்கலில் 30 ஊர்களில் மாதா மாதம் தவறாமல் தடுப்பூசி முகாம். இன்னொரு 30 ஊர்களில் அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதி ஊர்களில் புதிதாக எதுவும் இல்லை. 2010இல் முடிவு வந்தது. எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18, பருப்பும் கொடுத்த ஊர்களில் 39.

பயிற்சியில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "அப்போ ஏழைக்கு லஞ்சம் கொடுத்தாத்தான் ஊசி போட்டுக்குவாங்களா சார்?" என்று கேட்டான். உங்களுக்கும் அது தோன்றும். இதைப் படிக்கிற வேறு யாராவது கீழே வந்து அதையே எழுதவும் எழுதுவார்கள். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு ஊசியாவது போட்டுக்கொண்ட குழந்தைகளை எண்ணினால் முகாம் மட்டும் நடந்த ஊரிலும் பருப்பு கொடுத்த ஊரிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கடைசி ஊசி வரை வந்தார்களா என்பதில்தான் வித்தியாசம். ஊசி வேண்டாம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை, அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

தள்ளிப்போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அம்மா பூப்பறிக்கப் போனவர். விடியற்காலையில் தோட்டத்தில் நின்றால்தான் அன்றைய கூலி. ஊசி போடும் நாள் என்பது கூலி போகும் நாள், அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலியும் போகும். என் தங்கைக்குத் தட்டம்மை ஊசி தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இரண்டு வயது தாண்டித்தான் போட்டார்கள். என் அம்மா பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அன்றைக்கு யாராவது ஒரு கிலோ துவரம்பருப்பு கொடுத்திருந்தால் அவர் போயிருப்பார். அது லஞ்சம் இல்லை, போன கூலியில் ஒரு பங்கு.

அப்புறம் செலவுக் கணக்கு. பருப்பு கொடுத்தால் செலவு கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். முழுதாக ஊசி முடித்த ஒரு குழந்தைக்கு ஆன செலவு, முகாம் மட்டும் நடந்த ஊர்களில் சுமார் 2,200 ரூபாய். பருப்பும் கொடுத்த ஊர்களில் சுமார் 1,100 ரூபாய். காரணம் எளிது. நர்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டால் ஐந்து குழந்தை வந்தாலும் இருபது குழந்தை வந்தாலும் அவருடைய அன்றைய சம்பளம், வண்டிச் செலவு எல்லாம் ஒன்றுதான். கூட்டம் கூடினால் தலைக்கு ஆகும் செலவு பாதியாகிறது. இதைக் கண்டுபிடிக்கத்தான் பொருளாதாரம் வேண்டும். ஊசி வேலை செய்யுமா என்று டாக்டர் சொல்வார். ஒரு தாய் ஏன் ஐந்தாவது தடவை வரவில்லை, அவரை வரவைக்க எது மலிவு என்பது டாக்டர் கணக்கில் வராது.

சரி, இனி என் விஷயம்.

மலையடிவாரத்து ஊர் ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே பால்வாடி டீச்சரின் எடை ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று. ஐந்து மாத எடை: 11.0, 11.1, 11.3, 11.4, 11.6. பார்க்க அழகாக ஏறுகிறது. ஆனால் குழந்தைகளை அளந்து பழகியவர்களுக்கு அங்கேயே சந்தேகம் வரும். இந்த மாதிரி ஊரில் குழந்தைகள் இவ்வளவு சீராக ஏறுவது அபூர்வம். ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால் எடை இறங்கும், காய்ச்சல் வந்தால் இறங்கும். ஐந்து மாதமும் இறங்காமல் ஏறினால் அந்த எடை தராசில் வந்ததுதானா என்று சரிபார்க்க வேண்டும்.

எங்கள் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தினேன். 9.4. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். 9.4. மூன்றாவது தடவையும் அதேதான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி மூன்று வயதுப் பெண் குழந்தை 10.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு, 9.6க்குக் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு. ரிஜிஸ்டரில் நல்லபடியாக இருக்கும் குழந்தை என் எதிரில் ஆபத்தான நிலையில் நிற்கிறது.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மா, இதை அப்படியே போட்டுடாதே மா. மெஷின் ரிப்பேர்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன், யாரும் வரலை. மேலே மாசா மாசம் நம்பர் கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" மூலையில் ஆணியில் தொங்கிய தராசின் முள் வளைந்து கிடந்தது. "டீச்சர், உங்க பேரு எங்கேயும் போகாதுங்க, குழந்தை எடை மட்டும்தான் போகும்" என்றேன். 9.4 என்றுதான் பதிந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஒருவர்தான் பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும், சத்துமாவுக் கணக்கும் எழுத வேண்டும், கர்ப்பிணிகளையும் பார்க்க வேண்டும், செல்போனில் விவரமும் ஏற்ற வேண்டும்.

அந்தக் குழந்தையின் அம்மா கடலைக்காட்டில் இருந்து வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், கிராம சுகாதார நர்ஸிடமும் சொன்னேன். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "பக்கத்து ஊருக்கு மட்டும் வீட்டுக்கு வந்து ஏதோ சொல்லிக்கொடுக்கறாங்களாமே, எங்க ஊருக்கு ஏன் இல்லை?" குலுக்கலில் அவருடைய ஊர் விழவில்லை. எங்கள் பேச்சில் அது 'கண்ட்ரோல் ஊர்', அதாவது திட்டம் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் ஊர். அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, அதை முகத்துக்கு நேராக வாங்கியவள் நான்.

ஒரு வருடம் கழித்து மறுபடி அளக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். 'குடிபெயர்ந்துவிட்டது' என்று ஒரு பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஊரை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இருப்பதிலேயே வசதி இல்லாதவர்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஊரே தேறிவிட்டது மாதிரி தெரியும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, தகரக் கொட்டகைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். பிள்ளையின் செருப்பைக் கழற்றி, ரெட்டைச்சடையைப் பிரித்துவிட்டு, பலகையில் நிறுத்தி அளந்தேன். உச்சந்தலையில் முடிக்கட்டு இருந்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். எடை 11.9. நான்கு வயதுக்கு அது இன்னும் எடைக்குறைவுதான், ஆனால் கடுமையான நிலையைத் தாண்டிவிட்டாள். அப்பாவுக்கு வாரக் கூலி கைக்கு வருகிறது, முட்டை வாங்குகிறோம் என்றார் அம்மா.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில் இருக்கிறது. இந்தக் குழந்தையின் ஊருக்குத் திட்டமே போகவில்லை. ஒருவேளை போயிருந்தால், 9.4இல் இருந்து 11.9க்கு வந்த குழந்தையைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்து, 'எங்கள் திட்டத்தால் தேறிய குழந்தை' என்று அறிக்கையில் போட்டிருப்பார்கள். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது, உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருப்பார்கள். திட்டம் போகாத ஊரிலும் போய் அளந்தால்தான், தானாக எவ்வளவு தேறியது, திட்டத்தால் எவ்வளவு தேறியது என்று பிரிக்க முடியும். கையில் இருக்கும் காசு எல்லா ஊருக்கும் போதாது என்றால் சில ஊர் எப்படியும் விடுபடும். அதை எம்.எல்.ஏ. தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் இங்கே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு மட்டும் பகுதிநேரமாக இன்னொரு பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் நன்றாக வந்தன, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பங்கும் குறைந்தது. பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாரோடு பேசவும் நேரம் கிடைத்ததே அதற்கு ஒரு காரணம். இதைப் படித்தபோது என் கையைப் பிடித்த டீச்சர்தான் நினைவுக்கு வந்தார். அவருக்குத் தேவைப்பட்டது மெமோ இல்லை, கூட ஒரு ஆள்.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் பானர்ஜி, டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் இதற்காக நோபல் கிடைத்தது உண்மை. 2015இல் அதே பரிசை வாங்கிய ஆங்கஸ் டீட்டன் இந்த முறையைக் கடுமையாக விமர்சிப்பவர் என்பதும் உண்மை. ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்கிறார், அது நியாயமான பேச்சு. அதே உதய்ப்பூரில் நர்ஸ்கள் வேலைக்கு வருகிறார்களா என்று மெஷின் வைத்துக் கண்காணித்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. முதல் சில மாதம் நர்ஸ்கள் வந்தார்கள். அப்புறம் மேலதிகாரிகளே 'இன்றைக்கு இவருக்கு விலக்கு' என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 16 மாதத்தில் கண்காணித்த இடத்துக்கும் கண்காணிக்காத இடத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள், அதனால்தான் எனக்கு இந்த முறைமேல் மரியாதை.

ஒன்று மட்டும் கேள்வியோடு சேராது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுக்கும் எங்களுக்குப் பெரும்பாலும் நாள் கூலி. நான் கடைசியாக வேலை பார்த்த ஏஜென்சி இரண்டு மாதப் பயணப்படியை இன்றுவரை தரவில்லை. பில் சரியில்லை என்றார்கள், மலை ஊரில் ஷேர் ஆட்டோக்காரர் பில் கொடுப்பாரா? ஓசூர் போன பஸ் காசும் அதில்தான் இருக்கிறது. ஒரு எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 'பேக்செக்' என்று இன்னொரு ஆளை மறுபடி அதே வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், அந்த எண்ணை எடுத்து வந்தவளுக்குச் சேர வேண்டியதைச் சரிபார்க்க ஒருவரையும் வைக்கவில்லை. இந்த வேலைக்கு நீங்கள் போவதாக இருந்தால் பயணப்படியை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

காசுகூட எப்படியோ போகட்டும். ஓசூர் கொட்டகையில் அளந்து முடித்துவிட்டுப் பலகையை மடக்கும்போது அந்த அம்மா, "வந்து வந்து அளக்கறீங்களே, கடைசியா என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கும் சொல்வீங்களா?" என்று கேட்டார். "சொல்றேன் அக்கா" என்றேன், அவருடைய நம்பரையும் வாங்கிக்கொண்டேன். அந்த ஆய்வின் முடிவை இரண்டு தடவை கேட்டு எழுதிவிட்டேன். இன்னும் எனக்கே யாரும் அனுப்பவில்லை.