வாசகர் கேள்விகள்: எம்.எல்.ஏ.வாகத் தாக்குப்பிடிப்பது எப்படி?

கல்லூரி மாணவர், சேலம்: எம்.எல்.ஏ. ஆக ஆசை. என்ன படிக்க வேண்டும்?

எதுவும் படிக்க வேண்டாம். 25 வயது நிறைந்திருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 10,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும் (பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 5,000). சட்டம் கேட்பது ஏறக்குறைய அவ்வளவுதான். நிஜத்தில் கிளைச் செயலாளராகத் தொடங்கி ஒன்றியம், மாவட்டம் என்று ஏறி, போஸ்டர் ஒட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சி ஆபீசில் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்து, நேர்காணலில் "எவ்வளவு செலவு செய்வீங்க" என்ற கேள்விக்கும் பதில் சொல்லி, கடைசியில் அந்தத் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் பலருடைய அரசியல் வாழ்க்கை. அதனால் டிகிரியை முடித்துவிடுங்கள், கைவசம் ஒரு வேலை இருப்பது நல்லது.

வாசகி, ஈரோடு: டெபாசிட் 10,000 ரூபாய் என்பது ஏழைகளைத் தடுப்பதற்குத்தானே?

உங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சிக்கும் இதில் பங்கு உண்டு. 1996-ல் டெபாசிட் வெறும் 250 ரூபாய். தங்கள் பிரச்சினையை யாரும் கவனிக்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். ஓட்டுச்சீட்டு புத்தகமாகிவிட்டது. ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அதே ஆண்டில் டெபாசிட் 5,000 ஆனது, பிறகு 10,000. ஆனால் ஏழையைத் தடுப்பது அந்தப் பத்தாயிரம் இல்லை. ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022-ல் வைத்த உச்சவரம்பே 40 லட்சம், அது கணக்கில் காட்டுகிற செலவு மட்டும்.

ஆசிரியர், நாங்குநேரி: ஒரு தேர்தலில் தோற்றால் எம்.எல்.ஏ.வின் அரசியல் முடிந்துவிடுமா?

பக்கத்திலேயே ராதாபுரம் இருக்க இதை எங்களிடம் கேட்கிறீர்களே சார்! அப்பாவு 1996-ல் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில் அங்கே ஜெயித்தார், 2001-ல் சுயேச்சையாகவே நின்று ஜெயித்தார் (கட்சி சின்னம் இல்லாமல் தமிழ்நாட்டில் ஜெயிப்பது எத்தனை பேரால் முடியும்?), 2006-ல் தி.மு.க. சார்பில் ஜெயித்தார். அப்புறம் 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் தோற்றது வெறும் 49 ஓட்டில். 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியது தப்பு என்று கோர்ட்டுக்குப் போனார். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. 5 வருடப் பதவிக்கான வழக்கில் மூன்றரை வருடம் அப்படியே போனது, இதுதான் நம்ம தேர்தல் வழக்குகளின் லட்சணம். 2021-ல் அதே இருவரும் மறுபடி மோத, அப்பாவு ஜெயித்து சபாநாயகரும் ஆனார். தோற்ற இன்பதுரையும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, 2025-ல் மாநிலங்களவைக்குப் போய்விட்டார். தோல்வியில் முடிந்துபோகிறவர்கள், தேர்தல் முடிந்த மறுவாரமே தொகுதியை விட்டுக் காணாமல் போகிறவர்கள்தான்.

வாசகர், கரூர்: கட்சிக்கு எதிராகப் போனால் சிலருக்குப் பதவி பறிபோகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?

முடிவு செய்கிறவர் சபாநாயகர், சபாநாயகர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர், அதனால்தான். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்கிறவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகும், தானாகக் கட்சியை விட்டு விலகினாலும் போகும். 2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் அ.தி.மு.க.வில் ஓ.பி.எஸ். அணியின் 11 பேர் நம்பிக்கை வாக்கெடுப்பில் சொந்தக் கட்சி முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள், பதவி போகவில்லை, அதற்குள் இரு அணியும் ஒன்று சேர்ந்துவிட்டது. ஆகஸ்டில் தினகரன் பக்கம் இருந்தவர்கள் முதல்வர்மீது நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் மட்டும்தான் கொடுத்தார்கள், அதையே தானாகக் கட்சியை விட்டு விலகியதாக எடுத்துக்கொண்டு செப்டம்பரில் 18 பேருக்கும் பதவி காலி. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். இது நியாயமா என்றால், எங்கள் பார்வையில் இல்லை. இந்த அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். ஆனால் பதவி போனதால் எல்லாருடைய வாழ்க்கையும் முடிந்துவிடவில்லை: அந்த 18 பேரில் ஒருவரான செந்தில் பாலாஜி தி.மு.க.வில் சேர்ந்து 2019 இடைத்தேர்தலில் ஜெயித்து 2021-ல் உங்கள் கரூரிலிருந்தே அமைச்சரானார், தங்க தமிழ்ச்செல்வன் 2024-ல் தேனி எம்.பி. ஆனார்.

வாசகர், திருவாரூர்: ஒரே தொகுதியில் நிற்பது நல்லதா, மாறி மாறி நிற்பதா?

நீங்கள் கலைஞர் கருணாநிதியா, சாதாரண எம்.எல்.ஏ.வா என்பதைப் பொறுத்தது. அவர் 1957-ல் குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியாக உங்கள் ஊர் என்று மாறி 13 முறை ஜெயித்தார், தோற்றதே இல்லை. மற்றவர்கள் இதை முயன்றால் டெபாசிட் மிஞ்சாது. அதற்காக ஒரே இடம் என்றால் நிம்மதி என்றும் இல்லை. 1971-ல் காட்பாடியில் தொடங்கி, நடுவில் ராணிப்பேட்டை போய்வந்ததைத் தவிர அதையே விடாத துரைமுருகன் அதே காட்பாடியில் 2021-ல் தப்பித்தது 746 ஓட்டில்.

இல்லத்தரசி, மதுரை: எங்கள் எம்.எல்.ஏ.வைக் கல்யாண வீட்டில்தான் பார்க்கிறோம். சட்டசபையில் பேசிப் பார்த்ததே இல்லை.

தப்பு அவர்மேல் மட்டும் இல்லைங்க. அவையில் 234 பேர், பேசும் நேரத்தைப் பெரும்பாலும் கட்சி பார்த்துப் பிரிப்பார்கள், மசோதாவில் கொறடா சொன்னபடிதான் ஓட்டு. நாமும் அவரிடம் பட்டா, டிரான்ஸ்பர், காலேஜ் சீட்டுக்கு சிபாரிசு என்றுதான் போகிறோம், காதுகுத்துக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். தெருச்சாலையும் சாக்கடையும் முதலில் உள்ளாட்சியின் வேலை, எம்.எல்.ஏ. கையில் இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி. அடுத்த முறை கல்யாண வீட்டில் பார்த்தால், போன மானியக் கோரிக்கையில் (துறைவாரியாக நிதி ஒதுக்கும் விவாதத்தில்) நம்ம தொகுதிக்கு என்ன கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பந்திவரை இருக்கிறாரா பார்ப்போம்!