அயர்ன் சிரப் 8 மாசம், ஃபெரிட்டின் 410: பையன் உடம்புல இரும்பு ஓவராயிடுச்சா டாக்டர்?

கேள்வி: என் பையனுக்கு 6 வயசு, வெயிட் 19 கிலோ. ரத்தம் கம்மின்னு 3 மாசத்துக்கு அயர்ன் சிரப் எழுதிக் குடுத்தாங்க, நாங்களே திரும்பத் திரும்ப வாங்கி 8 மாசமா குடுத்துட்டோம். ஆனாலும் ஹீமோகுளோபின் 10.1-லயே நிக்குது. எம்சிவி 60, ஆர்பிசி 5.4. போன வாரம் ஜுரமா இருந்தப்ப எடுத்த டெஸ்ட்ல ஃபெரிட்டின் 410-ன்னு சிவப்பு எழுத்துல வந்திருக்கு. இரும்பு ஜாஸ்தியானா ஹார்ட்ல போய் தங்கிடும்னு சொந்தத்துல ஒருத்தர் சொன்னதுல இருந்து தூக்கமே இல்ல. இதுவரைக்கும் ரத்தம் ஏத்துனதில்ல. வீட்ல 2 வயசுப் பொண்ணும் இருக்கா, அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: சிரப்பை இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா, நிறுத்திட்டு நல்லா தூங்குங்க. இந்த ஒரு நம்பரை வச்சு இரும்பு ஓவர்னு சொல்லவே முடியாது, அதுவும் ஜுரத்துல எடுத்த நம்பர்.

ஃபெரிட்டின்ங்கிறது இரும்பைச் சேத்து வைக்கிற புரோட்டீன், சரி, ஆனா உடம்புல எங்க கிருமி வந்தாலும் வீக்கம் வந்தாலும் அது தானா ஏறிடும், இரும்பு ஒரு துளி கூட அதிகமாகாம. அதனால ஜுரம் விட்டு ஒரு 4 வாரம் கழிச்சு, காலைல வெறும் வயித்துல, ஃபெரிட்டினோட சேத்து சிஆர்பி (உடம்புல கிருமி, வீக்கம் இருக்கான்னு காட்டும்), ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கிற புரோட்டீன் எவ்ளோ நிரம்பியிருக்குன்னு காட்டும்) ரெண்டும் எடுங்க. சிஆர்பி நார்மலா இருந்தும் ஃபெரிட்டின் இறங்கல, சாச்சுரேஷனும் 45 சதவீதத்துக்கு மேல நிக்குதுன்னா அப்ப உக்காந்து யோசிக்கலாம்.

8 மாசம் குடிச்ச சிரப் எங்க போச்சுன்னு கேப்பீங்க. பையனுக்கு மோஷன் கறுப்பா போயிருக்குமே? குடல் உள்ள எடுக்காத இரும்புதான் அந்தக் கறுப்பு. ஈரல்ல ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது, உடம்புல இரும்பு போதும்னா அது ஏறும், ஏறினா குடல் கதவைச் சாத்திடும். ஆரோக்கியமான குழந்தைக்கு டோஸ் படி குடுத்த சிரப்பால மட்டும் ஹார்ட்ல போய்ப் படியிற அளவுக்கு இரும்பு சேர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இதுல ஒரு வம்பு இருக்கு, உள்ள வர்றதுக்குத்தான் கதவு, வெளிய அனுப்ப உடம்புல வழியே கிடையாது. தோல் உதிர்றது, குடல் செல் உதிர்றதுன்னு பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் போகும். இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ வரும்.

எனக்கு ஃபெரிட்டினை விட கண்ணுல பட்டது நீங்க போற போக்குல எழுதின மத்த ரெண்டு நம்பர்தான். எம்சிவி 60, ஆர்பிசி 5.4. எம்சிவிங்கிறது சிவப்பணுவோட சைஸ், ஆர்பிசிங்கிறது சிவப்பணு எண்ணிக்கை; எம்சிவியை ஆர்பிசியால வகுத்தா 11 வருது. இரும்பு கம்மியான குழந்தைக்கு சாதாரணமா இது 13-க்கு மேல இருக்கும், கீழ வந்தா தலசீமியா (ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரைக் கோளாறு) ட்ரெய்ட், அதாவது அந்த ஜீனைச் சுமக்கிற கேரியரா இருக்குமோன்னு சந்தேகப்படணும். இது வெறும் வாய்க்கணக்குதான், தீர்ப்பு இல்ல. ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரிசிஸ் இல்லன்னா ஹெச்பிஎல்சி டெஸ்ட் (ரெண்டும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுக் காட்டும்) எடுத்தா ஏ2-ங்கிற வகையோட அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டுதான்னு தெரியும் (ஆல்ஃபா வகை தலசீமியான்னா இதுல மாட்டாது, ஜீன் டெஸ்ட் பாக்கணும்). நிஜமாவே இரும்பு கம்மின்னா ஒழுங்கா குடுத்த ஒரே மாசத்துல ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்கணும். ஏறலன்னா ஏன்னு கேக்கணும், அடுத்த பாட்டில் வாங்கக்கூடாது. உங்களை மட்டும் சொல்லல, எங்க ஆளுங்களும் இதைச் செய்றாங்க.

ட்ரெய்ட்னா பயம் வேண்டாம், அது வியாதி இல்ல, இரும்பு குடுத்தாலும் அந்த 10.1 ஏறாது, அவ்ளோதான். பையனுக்கு ட்ரெய்ட்னு வந்தா நீங்க, உங்க வீட்டுக்காரர், பொண்ணு மூணு பேரும் பாத்துக்கோங்க, ஏன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே வகை கேரியர்னா ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர், அதாவது அடிக்கடி ரத்தம் ஏத்த வேண்டிய கடுமையான வகை, வர 25 சதவீதம் வாய்ப்பு. டாக்டர் வயித்தைத் தொட்டுப் பாத்து மண்ணீரல் பெருசா இருக்கு, கண்ணு மஞ்சளா இருக்கு, வளர்த்தி நின்னுருக்குன்னு சொன்னா மட்டும் கதை வேற. ட்ரெய்ட்டுக்கும் மேஜருக்கும் நடுவுல இருக்கிற தலசீமியா இன்டர்மீடியால ஹெப்சிடின் அமுங்கிப் போய் அந்தக் கதவு திறந்தே கிடக்கும், ரத்தம் ஏத்தாமலே இரும்பு சேரும்.

உங்க சொந்தக்காரர் சொன்ன ஹார்ட் விஷயம் பொய் இல்ல, ஆனா அது முக்கியமா அடிக்கடி ரத்தம் ஏத்துற குழந்தைங்க கதை. ஒரு பை ரத்தத்துல 200-ல இருந்து 250 மில்லிகிராம் இரும்பு இருக்கு, நேரா நரம்புல போறதால குடல் கதவுக்கு அங்க வேலையே இல்ல, வெளிய போற வழியும் இல்ல, 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை ஏத்தினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. மொதல்ல ஈரல்ல சேரும், அப்புறம் மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு, கணையம், ஹார்ட். குழந்தை உயரமாகாது, பொண்ணு 13 ஆகியும் பையன் 14 ஆகியும் பருவ மாற்றம் ஆரம்பிக்காது, சிலருக்கு சுகர் வரும், தோல் கறுத்துப் போகும். ஹார்ட் மட்டும் கடைசி வரைக்கும் சத்தமே போடாது, அதனாலதான் டி2 ஸ்டார்னு ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பாக்குறோம், 20 மில்லிசெகண்டுக்குக் கீழ போனா ஹார்ட்ல இரும்பு இருக்குன்னு அர்த்தம், 10-க்குக் கீழ ஆபத்து. இவங்களுக்கு 10, 20 தடவை ரத்தம் ஏத்தினதுமே, இல்ல ஃபெரிட்டின் 1000 தாண்டினதுமே இரும்பை இறக்குற மருந்து ஆரம்பிச்சிடுவோம். முன்னெல்லாம் டிஃபெராக்சமின் ஊசியை வயித்துத் தோலுக்கு அடியில குத்தி பம்ப் மாட்டி ராத்திரி பூரா, வாரத்துல 5 நாளுக்குக் குறையாம ஏத்தணும், இப்ப டிஃபெராசிராக்ஸ் மாத்திரை தினம் ஒரு வேளை, கிட்னியும் ஈரலும் செக் பண்ணிக்கிட்டே இருக்கணும். உங்க பையனுக்கு இது எதுவும் இப்ப தேவைப்படல.

இப்ப உங்க பொண்ணு விஷயம். உங்க லெட்டர்ல எனக்கு நிஜமா பயம் குடுத்தது அவளும் அந்த சிரப் பாட்டிலும் ஒரே வீட்ல இருக்கிறதுதான். மெதுவா சேர்ற இரும்பு வேற, ஒரே மூச்சுல உள்ள போற இரும்பு வேற, ரெண்டாவது விஷம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு போனா வாந்தி வயித்துவலி, 60 தாண்டினா உயிருக்கே ஆபத்து. 12 கிலோ குழந்தைன்னா, 60 மில்லிகிராம் இரும்பு உள்ள பெரியவங்க மாத்திரை 4 போதும் வாந்தி வர, 12 மாத்திரை போனா அந்த ஆபத்தான அளவு, கலர் கலரா மிட்டாய் மாதிரி வேற இருக்கும். சிரப்பும் இனிப்புதான். இதுல ஏமாத்துற ஒரு கட்டம் இருக்கு, மொதல்ல வாந்தி, ரத்த வாந்தின்னு எடுக்கும், 6 மணி நேரத்துக்கு மேல குழந்தை தெளிஞ்சு விளையாடக்கூட செய்யும், சரியாயிடுச்சுன்னு வீட்ல உக்காந்திருப்பாங்க, அப்புறம் ஷாக்ல போகும், ஈரல் கெடும். மத்த விஷத்துக்குக் குடுக்கிற கரித்தூள் இரும்பைப் பிடிக்காது. அதனால குடிச்சிருப்பாளோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயற்சி பண்ணாம, அழறாளா சிரிக்கிறாளான்னு பாக்காம, அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்கு ஓடுங்க, எவ்ளோ இரும்பு போயிருக்குன்னு லேபிளைப் பாத்துத்தான் கணக்குப் போடுவாங்க. மீதி சிரப்பை இன்னைக்கு ராத்திரியே அவ கைக்கு எட்டாத இடத்துல வச்சுப் பூட்டிடுங்க.