அம்மாவின் விழுங்கும் சிரமத்துக்கு ரோபோ ஆபரேஷன் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நெஞ்சில் நிற்கிறது. இரவில் எதுக்களித்து இருமல் வருகிறது. ‘அகலேசியா’ என்கிறார்கள். ரோபோ மூலம் ஆபரேஷன் செய்யலாம், ஆனால் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியைவிடச் செலவு கூடும் என்கிறார்கள். இயந்திரத்தை நம்பலாமா?

பதில்: ரோபோ தானாக எதையும் வெட்டாது. கன்சோல் எனும் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் அறுவை சிகிச்சை மருத்துவர் கையை அசைத்தால்தான் உள்ளே கருவி அசையும். அந்தப் பயம் வேண்டாம்.

அகலேசியாவில், உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசையைத் தளர்த்தும் நரம்புச் செல்கள் அழிந்துவிடுகின்றன. அவை திரும்ப வராது. எனவே தசையை வெட்டி வழிவிடுகிறோம். 1913-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்துகாட்டிய அறுவைதான் இதற்கு மூலம். உணவுக்குழாயில் சுமார் 6 செ.மீ., இரைப்பைப் பக்கம் 2 அல்லது 3 செ.மீ. வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு மட்டும் கிழியக்கூடாது. கஷ்டமே அதில்தான். பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியும், மணிக்கட்டுபோல் வளையும் கருவியும் அந்த இடத்தில் நிஜமாகவே உதவுகின்றன. சவ்வில் ஓட்டை விழுவது லேப்ராஸ்கோபியைவிட ரோபோவில் குறைவு என்று பல ஒப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் விழுங்குவதில் கிடைக்கும் நிவாரணம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லேப்ராஸ்கோபியில் இதை வழக்கமாகச் செய்யும் மருத்துவர் கிடைத்தால், ரோபோவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ‘வருடத்துக்கு எத்தனை அகலேசியா செய்கிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். வெட்டிய பிறகு அமிலம் மேலேறாமலிருக்க இரைப்பையின் மேல்பகுதியை மடித்துத் தைப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

அதற்கு முன், மனோமெட்ரி எடுத்தார்களா? உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் இந்தச் சோதனைதான் நோய் மூன்று வகைகளில் எது என்று காட்டும். மூன்றாம் வகையில் குழாயே மேல்வரை இறுகித் துடிக்கும். நீளமாக வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு வாய்வழி எண்டோஸ்கோபியில் செய்யும் ‘போயம்’ முறை பெரும்பாலும் பொருந்தும். வயிற்றில் தழும்பு இருக்காது, ஆனால் பின்னால் நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோபியும் கட்டாயம் வேண்டும். இரைப்பை வாயில் வரும் புற்றுநோய் சில சமயம் அகலேசியா போலவே தோன்றும்.

அதுவரை இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். எதுக்களித்தது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் திரவ உணவு, அப்புறம் குழைந்த சோறு. வீடு திரும்பியபின் காய்ச்சலோ கடும் நெஞ்சுவலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.