பதினெட்டு என்ற கோடு யாருக்காக?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், பள்ளியில் போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், பதினெட்டுக்குக் கீழே இருப்பவர் சம்மதித்தாலும் அது செல்லாது) பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, "நேற்று வரை இல்லாத புத்தி பதினெட்டாவது பிறந்தநாள் காலையில் வந்துவிடுமா அம்மா?" என்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, திருச்சி

வராது. அதை முதலில் அவளிடம் ஒப்புக்கொண்டுவிடுங்கள், சமாளிக்க வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து யோசிக்க நேரம் கொடுத்தால் பதினாறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய பெரியவர்கள் மாதிரியே நல்லது கெட்டதை எடைபோடும் என்றுதான் வளரிளம் பருவத்தை ஆராய்கிறவர்களும் சொல்கிறார்கள். ஆனால் மனசு கொதிக்கும்போது, பிடித்த ஒருவர் எதிரில் நின்று கெஞ்சும்போதோ மிரட்டும்போதோ, தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் அதற்குப் பிறகும் பல வருடம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் முதிர்ச்சி வந்ததா என்று தனித்தனியாகப் பார்க்கலாமே என்று அவள் கேட்பாள். பார்த்தால் என்ன நடக்கும்? நாற்பது வயது டியூஷன் மாஸ்டரோ நெருங்கிய உறவுக்காரரோ குற்றவாளிக் கூண்டில் நிற்க, விசாரணை முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றியதாகிவிடும்: என்ன மெசேஜ் அனுப்பினாள், ஏன் தனியாகப் போனாள், விவரம் தெரிந்தவள்தானே. வயதை நிலையாக வைத்தால் அந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. "அவளும் சரி என்றாள்" என்று பெரியவர் தப்பிக்க முடியாது. பிள்ளையை எப்படிச் சரி என்று சொல்லவைப்பது என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கோடு அவர்களுக்காகப் போட்டது.

கோடு தாழ்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1890இல் கல்கத்தாவில் ஃபுல்மணி தாசி என்ற சிறுமி, வயது பத்து பதினொன்றுதான் இருக்கும், முப்பதைத் தாண்டிய கணவனின் உறவால் ரத்தம் கொட்டி இறந்தாள். அப்போது சட்டம் வைத்திருந்த சம்மத வயது 10, அவள் அதைத் தாண்டியவள். அதனால் வன்புணர்வு வழக்கு நிற்கவே இல்லை, ஒரு வருடக் கடுங்காவலோடு முடிந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகு 1891இல் வயதை 12 ஆக்கியதற்கே, மதத்தில் கைவைக்கிறார்கள் என்று திலகர் போன்றவர்கள் எதிர்த்தார்கள். அப்புறம் 1925இல் 14, 1949இல் 16, 2012இல் போக்சோ வந்தபோது 18. (1925 முதல் 2017 வரை மனைவிக்கு மட்டும் அதைவிடக் குறைந்த தனி வயது, அதையும் 18 ஆக்கியது உச்ச நீதிமன்றம்தான்.)

கேள்வி: இரண்டு பேருக்கும் பதினேழு, இரண்டு பேருக்கும் விருப்பம் என்றாலும் பையன் மேல் போக்சோ பாய்கிறதே, இது நியாயமா?
– வாசகர், மதுரை

நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக்குப் பிடிக்காத காதலை, அதிலும் சாதி மாறிய காதலை உடைக்க இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான், பெண் காப்பகத்துக்குப் போகிறாள், இருவர் படிப்பும் நின்றுபோகிறது. தகவல் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் கர்ப்பமான பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுகிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரைப் போலீசிடம் மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

அதற்காக எல்லோருக்கும் வயதைப் பதினாறாக இறக்குவதை நான் ஏற்கவில்லை. இறக்கினால் அந்த நாற்பது வயதுக்காரருக்கும் கதவு திறந்துவிடும். கனடாவில் பொது வயது 16, ஆனால் பதினான்கு, பதினைந்து வயதினருக்குத் துணை ஐந்து வருடத்துக்குள் மூத்தவராக இருந்தால் குற்றமில்லை, அந்தத் துணை ஆசிரியர், பயிற்சியாளர் போன்ற இடத்தில் இருந்தால் மட்டும் விலக்கு கிடையாது. சென்னை உயர் நீதிமன்றமும் 2019இல் பதினாறைத் தாண்டியவர்கள் விஷயத்தில் ஏறக்குறைய ஐந்து வருட இடைவெளி என்ற யோசனையைச் சொன்னது. 2023இல் சட்ட ஆணையம் 18ஐ மாற்ற வேண்டாம், பதினாறு முதல் பதினெட்டு வரையிலான வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்றது. அது போதாது. தீர்ப்பு வரும் நாளில் கிடைக்கிற கருணையால், கைதான அன்றே பள்ளியை விட்டு நின்ற பையனுக்கு என்ன பயன்?